நெடுநாள் நின்ற நீர்ப்பம்பியை இயக்குமுன்: பெயாரிங்குக்குக் கிறீசும் ஒயிலும்

ஊர் திரும்பியவுடன் காணி துப்புரவாக்குவது, கொட்டில் போடுவது, கிணறு இறைப்பது என்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும். கிணறு இறைக்கப் பம்பி வேண்டும். வெள்ளாங்குளம், தேவன்பிட்டி, இலுப்பைக்கடவைப் பக்கத்துக் குடும்பங்களில் பலருடைய பம்பிகள், 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து திரும்பி வரும்வரை ஓடாமலே கிடந்தன. சிலர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இடத்துக்கிடம் இறக்கி ஏற்றினீர்கள். சிலர் பொலித்தீனால் சுற்றி நிலத்தில் புதைத்துவிட்டுப் போனீர்கள். பலர் கிணற்றடியில் அப்படியே விட்டுப் போக நேர்ந்தது. செட்டிகுளம் நலன்புரி நிலையங்களிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது பம்பி இருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தச் சந்தோசத்தில் உடனே கயிற்றை இழுத்தோ கைபிடியைச் சுற்றியோ இயந்திரத்தை இயக்கிவிட வேண்டாம். இரண்டு வருடம் நின்றதால் வந்த பழுதைப் பெரும்பாலும் திருத்தலாம். திருத்தாமல் இயக்கும் முதல் பத்து நிமிடத்தில் வரும் பழுதுக்குப் பெயாரிங்கும் தண்டும் புதிதாக வாங்க வேண்டி வரும்.

பம்பியைத் தொடுவதற்கு முன் ஒரு விடயம். உங்கள் காணியும் கிணற்றடியும் கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கின்றனவா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பம்பிக் கொட்டிலுக்குள் இறுகக் கட்டிய கம்பி, அடையாளம் தெரியாத உலோகப் பொருள், புதிதாகக் கிளறிய மண் எதையாவது கண்டால் கை வைக்காமல், போன அடியிலேயே திரும்பி வந்து அறிவியுங்கள். புதைத்து வைத்த பம்பியை எடுப்பதற்கும் இதே விதிதான். புதைத்த இடம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பின் அந்த மண்ணில் வேறென்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

பெயாரிங் நின்றபடியே எப்படிப் பழுதாகிறது

சைக்கிள் சில்லைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குப் பெயாரிங் புதிதல்ல. இரண்டு உருக்கு வளையங்கள். நடுவில் உருக்கு உருண்டைகள். தண்டு சுழலும்போது உருண்டைகள் உருளும். உருண்டையும் வளையமும் நேரடியாக உரசுவதில்லை. இடையில் மிக மெல்லிய எண்ணெய்ப் படை நிற்கிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில வேளை அதிலும் குறைவு. இந்தப் படை இருக்கும்வரை பெயாரிங் பல வருடம் ஓடும். படை இல்லாத இடத்தில் உருக்கு உருக்கைத் தேய்க்கும்.

பம்பி நிற்கும்போது உருண்டைகள் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும். தண்டின் பாரம் கீழே உள்ள இரண்டு மூன்று உருண்டைகளின் மேல் விழ, அவற்றின் அடியிலிருந்த எண்ணெய் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடும். கிறீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சவர்க்காரம் என்று சொல்லலாம். பஞ்சு தண்ணீரைப் பிடிப்பதுபோல் அது எண்ணெயைப் பிடித்திருக்கிறது. நெடுநாள் நின்றால் எண்ணெய் வடிந்துபோய், காய்ந்த சவர்க்காரம் மட்டும் கட்டியாக மிஞ்சும். அதோடு நமது கரையோரத்துக் காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும் குணமுடையது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வர, கூட்டுக்குள் காற்று விரிந்து சுருங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஈரத்தை உள்ளே இழுத்துவிடும். எண்ணெய் ஒதுங்கிய அதே இடத்தில் துரு பிடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் கிணற்றடி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இந்த நிலையில் இயந்திரத்தை இயக்கினால், துருத்தூள் மணலைப் போல உருண்டைகளுக்கிடையில் அரைபடும். வளையத்தில் குழி விழும். குழி விழுந்த பெயாரிங் சூடேறி இறுகினால் அதன் உள் வளையத்துக்குள் தண்டு வழுக்கிச் சுழன்று தேயும். பெயாரிங் மன்னாரிலோ வவுனியாவிலோ கடையில் கிடைக்கும். தண்டைக் கடைந்து திருத்தப் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும், காசும் நாளும் போகும். மிளகாய்க் கன்றும் வெங்காயமும் அந்த நாட்களைக் காத்திருக்கா.

உங்களுடையது எந்தப் பம்பி?

எல்லாப் பம்பிக்கும் ஒரே வேலை இல்லை. இயந்திரமும் பம்பியும் ஒன்றாக ஒட்டியிருக்கும் சிறிய இரண்டு அங்குல மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் பம்பி என்றால், பம்பிப் பக்கத்துக்கென்று தனிப் பெயாரிங் பெரும்பாலும் இராது. இயந்திரத்தின் தண்டிலேயே பம்பியின் விசிறி பூட்டப்பட்டிருக்கும். இயந்திரத்தின் அடியிலுள்ள ஒயில்தான் அந்தத் தண்டின் பெயாரிங்குக்கும் உணவு. இதில் கிறீஸ் அடிக்க இடம் தேடி அலைய வேண்டாம்; ஒயிலைக் கவனித்தால் போதும்.

தனியாக நிற்கும் டீசல் இயந்திரத்திலிருந்து பெல்ட் மூலமோ இணைப்பு மூலமோ ஓடும் பெரிய பம்பி என்றால், பம்பிக்கும் பெல்ட் சில்லுக்கும் இடையில் வார்ப்பிரும்புக் கூடு ஒன்று இருக்கும். அதற்குள் இரண்டு பெயாரிங். கூட்டின் மேல் கிறீஸ் முலை, அல்லது பழைய பம்பியானால் பித்தளைக் கிறீஸ் குவளை இருக்கும். சிலவற்றில் கிறீசுக்குப் பதில் ஒயில் ஊற்றும் துவாரமும், பக்கத்தில் ஒயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியும் இருக்கும். இந்தக் கட்டுரையில் அதிகம் சொல்லப் போவது இந்த வகையைப் பற்றித்தான். பலரும் கெடுத்துக்கொள்வது இதைத்தான்.

மின்சாரத்தில் ஓடும் மோட்டர் வைத்திருப்பவர்கள், பெயாரிங்குக்கு முன் மின்சுருளில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஈரம் ஏறிய மோட்டருக்கு மின் கொடுத்தால் சுருள் எரியும், தொடுபவருக்கும் ஆபத்து.

முதலில் கையால் சுற்றிப் பாருங்கள்

பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்பியின் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுழன்றால் நல்லது. கரகரவென்று மணல் அரைபடுவதுபோல் விரலுக்குத் தெரிந்தால் உள்ளே துரு. ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து விட்டால் வளையத்தில் குழி விழுந்திருக்கிறது. பிறகு தண்டைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் அந்தப் பெயாரிங்கின் காலம் முடிந்தது. அதற்குக் கிறீஸ் அடிப்பது வீண்.

சுற்றவே வரவில்லையா? நீள இரும்புக் குழாயைப் போட்டு நெம்ப வேண்டாம். இறுகியது பெயாரிங்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தண்டு பம்பிக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் ஒழுகாமல் இருக்கச் சுற்றியிருக்கும் கிளாண்ட் கயிறு காய்ந்து தண்டைக் கவ்வியிருக்கலாம். அதன் இரண்டு நட்டையும் தளர்த்திவிட்டு மீண்டும் சுற்றிப் பாருங்கள். பல பம்பிகள் இதோடு சுழன்றுவிடும். அப்படியும் வராவிட்டால் விசிறி கூட்டோடு துருவேறி ஒட்டியிருக்கலாம். பம்பிக்குள் கொஞ்சம் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஓரிரவு விட்டு, காலையில் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். அதன் பிறகு அந்தப் பம்பி இறைக்கும் முதல் தண்ணீரைக் கிணற்றுக்குள் திரும்ப விடாமல் தூர ஓடவிட வேண்டும்.

கழுவுதல்

இங்கேதான் அவசரம் வரும். பழைய கிறீசுக்கு மேல் புதுக் கிறீசை அடித்துவிட்டு இயக்குவது இலகுவான வழியாகத் தோன்றும். வெயில் மழை படாமல் சில மாதம் மட்டும் நின்ற பம்பிக்கு அது போதும். ஒன்றரை இரண்டு வருடம் வெளியில் நின்றதற்குப் போதாது. புதுக் கிறீஸ் உள்ளேயுள்ள துருவையும் மணலையும் வெளியே தள்ளாது, உருண்டைகளுக்கிடையில்தான் தள்ளும்.

கூட்டின் பக்க மூடியைக் கழற்றுங்கள். நட், வாசர் எல்லாவற்றையும் ஒரு பேணிக்குள் போட்டு வையுங்கள். மணலில் விழுந்த வாசரைத் தேடுவதில் ஒரு பகல் போகும். பழைய கிறீசை மரச் சிராயால் வழித்தெடுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் தோய்த்த தூரிகையால், சில்லை மெதுவாகச் சுற்றிக்கொண்டு, வரும் எண்ணெய் தெளிவாகும்வரை கழுவுங்கள். பெற்றோலால் கழுவ வேண்டாம். அது விரைவாகத் தீப்பிடிக்கும், பிள்ளைகள் சுற்றி நிற்கும் முற்றத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். கழுவிய பின் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் மிஞ்சி நின்றால் புதுக் கிறீசை இளக்கிவிடும். நூல் பறக்கும் துணியால் துடைக்க வேண்டாம். நூல் உள்ளே சிக்கும்.

இப்போது வெளிச்சத்தில் பாருங்கள். உருண்டைகள் கண்ணாடிபோல் மினுங்கினால் இன்னும் பல போகம் ஓடும். மேலே இலேசான மஞ்சள் கறை மட்டும் இருந்தால் பயமில்லை. கறுப்புப் புள்ளி, பொருக்கு, நீல நிறம் கண்டால் மாற்றுங்கள். நீல நிறம் அந்தப் பெயாரிங் முன்பே ஒருமுறை கடுஞ்சூடு கண்டது என்பதற்கு அடையாளம். வெள்ளத்தில் மூழ்கிய பம்பியின் பெயாரிங்கை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுவதே எங்கள் ஆலோசனை.

புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். வளையத்தின் பக்கத்தில் 6304, 6305, 6206 என்பதுபோல் எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு எண்ணையும் ஐந்தால் பெருக்கினால் தண்டு நுழையும் துவாரத்தின் விட்டம் மில்லிமீற்றரில் வரும்: 04 என்றால் 20, 05 என்றால் 25, 06 என்றால் 30. (04க்குக் குறைந்த எண்களுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது.) எண் அழிந்திருந்தாலும் அளந்து கேட்க இது உதவும். இரண்டு பக்கமும் இறப்பரால் மூடிய பெயாரிங்கும் கிடைக்கும். அதற்குள் கிறீஸ் தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கவோ கழுவவோ கூடாது. உங்கள் பழைய பெயாரிங்கே அப்படி மூடியதாக இருந்து கரகரத்தால், கழுவிப் பார்க்காமல் மாற்றுங்கள்.

எந்தக் கிறீஸ், எவ்வளவு

லொறி, உழவு இயந்திரச் சில்லுக்குப் போடும் கிறீஸ், 2ஆம் அல்லது 3ஆம் இலக்கம், பம்பிக்கும் பொருந்தும். பேணியில் லிதியம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சோடியம் சேர்ந்த கிறீஸ் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், பம்பிக்கு ஆகாது. நிறத்தைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. சிவப்பும் நீலமும் உற்பத்தியாளர் சேர்க்கும் சாயம். ஒருவகைக் கிறீசோடு இன்னொரு வகையைக் கலந்தால் சில வேளை இரண்டும் இளகித் தண்ணீர்போல் வடிந்துவிடும். பழையதை முழுதாகக் கழுவச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் எதையும் ஊற்ற வேண்டாம். கதவுக் கீலுக்கு அவை ஆகும். பெயாரிங்கின் சூட்டில் அவை காற்றோடு சேர்ந்து பிசினாகி ஒட்டும். இயந்திரத்திலிருந்து கழித்த கறுப்பு ஒயிலும் அப்படித்தான். அதில் கரியும் உலோகத்தூளும் புளிப்பும் ஏறியிருக்கும். கையில் காசில்லாத நேரத்தில் அது கண்ணுக்கு எண்ணெயாகத் தெரிவது இயல்பு. ஆனால் ஒரு சிறு பேணிக் கிறீசை நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினாலே நாலு பம்பிக்கும் காணும்.

கிறீசை உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, பெயாரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தால் உருண்டைகளுக்கிடையில் புகுந்து மறுபக்கத்தால் எட்டிப் பார்க்கும். சுற்றிவர இப்படிச் செய்யுங்கள். தண்டிலிருந்து கழற்ற முடியாத பெயாரிங் என்றால் விரலால் அழுத்தி நிரப்பிக்கொண்டே சில்லைச் சுற்றுங்கள். பெயாரிங்குக்குள் நிறைய வேண்டும். ஆனால் அதைச் சுற்றியுள்ள கூட்டின் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, கூடினால் பாதி, அதற்கு மேல் வேண்டாம்.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கூட நிரப்பினால் கூட நாள் ஓடும் என்றுதான் நினைப்போம். கூடு முழுக்கக் கிறீஸ் இருந்தால் உருண்டைகள் அதைக் கடைந்துகொண்டே இருக்க வேண்டும்; கடைவதில் சூடு ஏறும்; சூட்டில் எண்ணெய் பிரிந்து ஒழுகும்; கடைசியில் காய்ந்த கிறீஸ் மிஞ்சும். கிறீஸ் குறைந்து பழுதான பெயாரிங்கும் கிறீஸ் கூடிப் பழுதான பெயாரிங்கும் கழற்றிப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

மூடியைப் பூட்டிய பின் கிறீஸ் முலையைத் துடைத்து, துப்பாக்கியால் இரண்டு அழுத்து அழுத்துங்கள், அது குழாய்வழியை நிரப்ப மட்டும். துடைக்காமல் அழுத்தினால் முலையின் தலையிலிருக்கும் கடல்மணல்தான் முதலில் உள்ளே போகும். பித்தளைக் குவளை என்றால் அதை நிரப்பி, மூடியை ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.

ஒயிலில் ஓடும் கூடு என்றால் அடியிலுள்ள ஆணியைக் கழற்றிப் பழையதை வடியுங்கள். பால்போல் வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கொஞ்சம் புது ஒயில் ஊற்றிச் சுற்றி அதையும் வடித்துவிட்டு, பிறகு நிரப்புங்கள். மட்டம் கண்ணாடியின் நடுவரை. கண்ணாடி இல்லாவிட்டால், அடியில் நிற்கும் உருண்டையின் பாதி நனையும் அளவு. பம்பித் தகட்டில் ஒயில் வகை எழுதியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லாவிடில் எஸ்.ஏ.இ. 20 அல்லது 30 ஒயில் பொருந்தும்.

இயந்திரத்தின் பக்கம்

சிறிய பம்பியானாலும் பெரிய டீசலானாலும் பழைய ஒயிலை முழுதாகக் கழித்துப் புதிது ஊற்றுங்கள். மட்டம் பார்க்கும்போது இயந்திரம் சமதரையில் நிற்க வேண்டும். பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரத்தில் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவை இழுங்கள். பிஸ்டனும் தண்டின் பெயாரிங்கும் நனையும். பிறகு பிளக்கைத் துடைத்துப் பூட்டுங்கள். டீசல் இயந்திரத்தில் எரிபொருளை மூடி, அமுக்கம் நீக்கும் நெம்பை உயர்த்தி, கைபிடியால் இருபது முப்பது சுற்று சுற்றுங்கள். அடியில் நிற்கும் ஒயில் மேலே தெறித்துப் பெயாரிங்குகளை நனைக்க அந்தச் சுற்று வேண்டும். தாங்கியில் கிடந்த பழைய எரிபொருளைக் கொட்டிவிடுங்கள்.

முதல் ஓட்டம்

பெல்ட்டைப் போடும்போது அதிகம் இறுக்க வேண்டாம். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு விரற்கடை இறங்க வேண்டும். கம்பிபோல் இழுத்த பெல்ட் பெயாரிங்கை ஒரு பக்கமாக இழுத்து அழிக்கும். இரண்டு சில்லும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பம்பிக்குள்ளும் உறிஞ்சு குழாய்க்குள்ளும் தண்ணீர் நிரம்பிய பிறகே இயக்குங்கள். வெறும் பம்பி ஓடினால் கிளாண்டும், சிறிய பம்பியானால் தண்ணீர் அடைக்கும் சீலும் எரிந்துபோகும், பின்பு அந்த வழியால் ஒழுகும் தண்ணீர் பெயாரிங்குக்குள் போகும்.

இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி வைத்து இயக்க வேண்டாம். தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, உறிஞ்சவில்லை என்று சிலர் கிணற்றுப் படியில் வைப்பதுண்டு. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாதது. கிணற்றுக்குள் தேங்கி, உள்ளே இறங்குபவரை மயக்கிக் கொல்லும். மேலே வைத்த பம்பி ஏறத்தாழ 7 மீற்றருக்கு மேல் உறிஞ்சாது. அதற்கு மேல் ஆழமானால் வேறு வகைப் பம்பி வேண்டும்.

குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சாரத்தை மடித்துக் கட்டி, சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். நீளத் திருப்புளியின் முனையைப் பெயாரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதடி எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பது கேட்கும். ஒரே சீரான இரைச்சல் நல்லது. கரகரப்போ டிக் டிக் என்ற தட்டலோ கேட்டால் நிறுத்துங்கள். கூட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். புதுக் கிறீஸ் போட்ட முதல் ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், பிறகு தணியும். ஐந்து எண்ணும்வரை கை பொறுக்காவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, மூடியைத் திறந்து கிறீஸ் கூடிவிட்டதா, பெல்ட் இறுக்கமா என்று பாருங்கள். சூடான கூட்டின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கிளாண்டிலிருந்து நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது துளி சொட்டுவது பழுதல்ல, தண்டு குளிர அது தேவை. ஒழுகி ஓடினால் இரண்டு நட்டையும் ஒரே அளவாகக் கொஞ்சம் இறுக்குங்கள். கிணற்றை எத்தனை தரம் இறைத்தாலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துக் குளோரின் இட்டுச் சொல்லும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

பிறகு, நாள்தோறும் இறைப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை துப்பாக்கியால் இரண்டு மூன்று அழுத்து அழுத்தினால் போதும். குவளை உள்ளவர்கள் இறைக்கும் நாட்களில் அதன் மூடியைக் கால் சுற்று இறுக்கிக்கொள்ளலாம். போகம் முடிந்து பம்பியை நிறுத்தி வைக்கும்போது மேலே சாக்கும் பொலித்தீனும் போட்டு, கிழமைக்கொரு தடவை சில்லைக் கையால் நாலு சுற்று சுற்றிவிடுங்கள். உருண்டைகள் இடம் மாறி அமரும், புது எண்ணெயும் படும். இந்த வேலையை வீட்டிலுள்ள பெரிய பிள்ளையிடமே கொடுத்துவிடலாம், இயந்திரம் நிற்கும் நேரத்தில் மட்டும்.

பொதுக் குழாய்க்கிணற்றிலுள்ள கைப்பம்பிக்கும் இதே நோய் வரும். அதன் கைபிடி அச்சிலுள்ள பெயாரிங் மூடிய வகை, கிறீஸ் கேளாது. தலைப் பெட்டிக்குள் உள்ள சங்கிலிக்குத்தான் கிறீஸ் வேண்டும். பெட்டியின் முன் மூடியிலுள்ள ஒரே ஆணியைக் கழற்றி, சங்கிலியைத் துடைத்து, கைபிடியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே கிறீஸ் பூசுங்கள். கைபிடி பக்கவாட்டில் ஆடினால் அச்சுப் பெயாரிங் தேய்ந்துவிட்டது. அதை மாற்றுவதற்குப் பிரதேச சபைக்கு அறிவியுங்கள்.